வாங்கிய அடியை எழுதி வைப்போம்

(ஒற்றசேகரமங்கலம் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்து வயதில் என்னை ஒரு விடுதியில் சேர்த்தார்கள். அங்கே வாங்கிய அடியை அம்மாவிடம் நான் சொன்னதேயில்லை. “நீ என்னடா தப்பு செய்தாய்?” என்று கேட்டுவிடுவாளோ என்ற பயம். முப்பது வருடத்துக்கு மேல் மூடிவைத்த வாயைத் திறக்கவைத்தது, ஓர் ஆட்டோ ஓட்டுநர் எழுதிய புத்தகம்.

கோவைத் தோழர் மு. சந்திரகுமார், 1983இல் குண்டூரில் ஓட்டல் வேலை பார்த்தவர். செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி, அவரையும் நண்பர்களையும் போலீசார் லாக்கப்பில் வைத்து அடித்தார்கள். வெளியூர்க் கூலிக்காரனுக்காக யார் கேட்க வருவார்? பிறகு சிறை. ஊர் திரும்பி, ஆட்டோ ஓட்டிப் பிழைத்த அந்த மனிதர் நடந்ததையெல்லாம் எழுதினார். ‘லாக்கப்’ 2006இல் வெளிவந்தது. 2015இல் அது ‘விசாரணை’ படமாகி வெனிஸ் விழாவரை போனது.

எழுதினால் நியாயம் கிடைக்குமா என்று கேட்பீர்கள். 1986இல் வங்காளத்தின் டி.கே. பாசு, லாக்கப் சாவுகளைப் பற்றித் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்தது. 1996இல் தீர்ப்பு வந்தது: கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினர் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். நம்மைப்போல ஊர்விட்டு வந்தவர்களுக்கு இது பெரிய கவசம்.

பிள்ளைகளுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் உண்டு. 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவரே கொடுமை செய்தால் 5 ஆண்டுவரை கடுங்காவல். ஆனால், சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா, இன்னும் அதை உறுதிசெய்யவில்லை. அதற்கும் நாம் குரல் கொடுக்க வேண்டும்.

நான் ரயில்வே குமாஸ்தா. ரசீது இல்லாமல் போன பார்சலுக்கு எவரும் பொறுப்பேற்க மாட்டார். அடிக்கும் அப்படித்தான். தேதி, இடம், அடித்தவர் பெயர், பார்த்தவர் பெயர் எழுதி வையுங்கள். எழுத வராதவர்கள் சங்கத்துக்கு வாருங்கள். நான் எழுதித் தருகிறேன்.

விடுதியிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளையிடம் “என்ன தப்பு செய்தாய்?” என்று கேட்காதீர்கள். “என்ன நடந்தது?” என்று கேளுங்கள். அவசரத்துக்கு 1098 என்ற எண் இருக்கிறது.

என் அம்மா இன்று இல்லை. அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிட்டேன். நீங்களும் சொல்லுங்கள்.