மருந்தாளுநர் ஆக மூன்று வழிகள்

மருந்தாளுநர் ஆக இந்தியாவில் மூன்று படிப்புகள் உண்டு: டி.பார்ம், பி.பார்ம், பார்ம்.டி. 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் இவற்றில் ஒன்றை முடிப்பதே மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு பெறுவதற்கான அடிப்படைத் தகுதி; பதிவு பெற்றவர் மருந்துக்கடையில் பொறுப்பேற்கலாம். அதற்கு அப்பால் மூன்றின் பாதையும் வேறு வேறு.

டி.பார்ம் இரண்டு ஆண்டு; அத்துடன் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி. வீட்டுக்குச் சீக்கிரம் ஒரு சம்பளம் வேண்டும் என்ற நிலையில் இதுவே நேர்வழி. இதைத் தாழ்வாகப் பேசுவது தவறு. முடித்தவர் பின்னர் பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பார்ம்.டி 2008இல் வந்தது. ஆறு ஆண்டு, அதில் கடைசி ஆண்டு மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப். நோயாளிக்கு எழுதிய மருந்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று வார்டிலேயே கவனிக்கும் வேலைக்கான படிப்பு அது.

பி.பார்ம் நான்கு ஆண்டு. மருந்து ஆய்வாளர் பதவிக்கு டி.பார்ம் போதாது, பட்டம் வேண்டும். ஜிபேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.பார்ம் போவதும், மருந்து ஆலையில் தயாரிப்பு, தரப் பரிசோதனை ஆகிய பிரிவுகளில் உயர்வதும் பெரும்பாலும் இவ்வழியே. 1930களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் இந்தப் படிப்புக்கு அடித்தளம் இட்டபோது மருந்து வேதியியலே அதன் வேராக இருந்தது, இன்றும் அப்படித்தான். நீட் தேர்வில் இடம் கிடைக்காதவர் ஒதுங்கும் திண்ணையாக இதைக் கருதுவது படிப்புக்கும் அநியாயம், மாணவருக்கும் அநியாயம்.

கேரளத்தில் பி.பார்ம் இடத்துக்கு நீட் மதிப்பெண் கணக்கில் வராது. திருவனந்தபுரத்தில் உள்ள நுழைவுத் தேர்வு ஆணையர் நடத்தும் கீம் தேர்வின் பார்மசி தாளே ரேங்கைத் தீர்மானிக்கிறது. 2024 முதல் இது கணினியில் நடக்கிறது: 90 நிமிடம், 75 கேள்விகள், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறைப்பு. கேள்விகள் இயற்பியலிலும் வேதியியலிலும் மட்டுமே. இரண்டு ஆண்டு நீட்டுக்காக உயிரியலை உருப்போட்ட பிள்ளை இங்கே தடுமாறுவது இதனால்தான். இயற்பியல் கணக்குகளைத் தினமும் போட்டுப் பழகுவதைத் தவிர இதற்கு மாற்று இல்லை. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டிலோ நுழைவுத் தேர்வே கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். நாகர்கோவிலில் இருக்கும் உறவினர் சொல்லும் வழி திருவனந்தபுரத்தின் கரமனையிலோ சாலைப் பகுதியிலோ வாழும் குடும்பத்துக்குப் பொருந்தாது.

கேரளத்தில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேரளத்தார் அல்லாதார் பிரிவில் விண்ணப்பிப்பவருக்குச் சாதி இடஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் இல்லை. தகுதி உள்ளவர் நேட்டிவிட்டி சான்றிதழை வில்லேஜ் ஆபீஸில் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

ரேங்க் வந்தபின் மிஞ்சுவது ஆப்ஷன் வரிசை, அதாவது கல்லூரிகளை விருப்பப்படி அடுக்குவது. திருவனந்தபுரம், ஆலப்புழை, கோட்டயம், கோழிக்கோடு, கண்ணூர் ஆகிய ஊர்களில் அரசு பார்மசிக் கல்லூரிகள் உள்ளன. கட்டணம் குறைவு, இடமும் குறைவு. ஒரு கல்லூரி ஒதுக்கப்பட்டால் அதற்குக் கீழே எழுதியவை தாமே நீங்கிவிடும், மேலே உள்ளவை அடுத்த சுற்றுக்கு நிற்கும். ஆகவே கிடைக்காதோ என்று அஞ்சி விரும்பிய கல்லூரியைக் கீழே தள்ளுவது பெரும் பிழை. பணம் கட்டத் தவறினால் இடமும் போகும், மற்ற ஆப்ஷன்களும் போகும்.

தனியார் கல்லூரி என்றால் விசாரணை கூடுதலாக வேண்டும். புதிய கல்லூரிகளுக்கு இந்திய பார்மசி கவுன்சில் விதித்திருந்த தடை செல்லாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கதவு மீண்டும் திறந்திருக்கிறது. கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்ப்பதற்கு முன், சேரும் ஆண்டுக்கான அங்கீகாரத்தைக் கவுன்சிலின் பட்டியலில் பெற்றோர் தாமே பார்க்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் நான்கு ஆண்டு படித்தாலும் மருந்தாளுநராகப் பதிவு கிடைக்காது.