ஐந்தேகால் லட்சம் பேர்

(வேடசந்தூரில் மாணவர்களும் மில் தொழிலாளர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய தம்பி நியாயமான கோபத்தோடுதான் பேசினார். ‘நம்ம காலனிப் பிள்ளைக பார்த்த மில் வேலையை இப்ப வடக்கன் பாக்குறான். வர்றவனை எண்ணணும், இத்தனை பேருக்கு மேல விடக் கூடாது’ என்றார். எல்லோரும் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. அது ஏன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

எண்ணுகிற இந்த வேலையை நம்ம சனங்கள் மேலேயே ஒருமுறை செய்திருக்கிறார்கள். 1964 அக்டோபர் 30ஆம் தேதி டெல்லியில் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாகக் கிடந்தவர்கள் ஒன்பதே முக்கால் லட்சம் பேர். அதில் ஐந்தேகால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்து, 1974இல் ஆளுக்கு 75,000 என்று பாகம் பிரித்தார்கள். பங்காளிகள் ஆட்டுக்கிடையைப் பிரிக்கிற மாதிரி. கொழுந்து பறித்தவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

யார் அந்த சனம்? திருச்சி, மதுரை, சேலம் ஜில்லாக்களிலிருந்து கங்காணி ஓட்டிக்கொண்டு போன கூட்டம். பாதிக்கு மேல் பள்ளர், பறையர், சக்கிலியர். தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மண்டபம் முகாமில் உட்கார்ந்து கடல் தாண்டியவர்கள். அவர்கள் கிளம்பியபோது ‘போகாதே’ என்று தடுத்தவன் யார் தெரியுமா? தஞ்சைப் பக்கத்து மிராசுதார். பாசத்தினால் அல்ல, பண்ணையாள் போய்விட்டால் கூலி ஏறிவிடும் என்ற பயத்தினால். ஆக, வராதே என்பதற்கும் போகாதே என்பதற்கும் பின்னால் ஒரு கூலிக் கணக்கு இருக்கிறது.

நூறு வருஷத்துக்கு மேல் உழைக்கிறவரை அங்கே எண்ணிக்கை பிரச்சினையாகவில்லை. 1947 தேர்தலில் தோட்டத்துச் சனம் ஓட்டுப் போட்டது. தங்கள் ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. வேறு பல தொகுதிகளில் அந்த ஓட்டு இடதுசாரிகளுக்கு விழுந்தது. அப்புறம்தான் ‘இவ்வளவு பேரா?’ என்ற கேள்வி வந்தது. 1948இல் குடியுரிமை போனது, 1949இல் ஓட்டும் போனது. அதே 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தை, மந்திரியாக இருந்த தமிழ்த் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் ஆதரித்தார். செல்வநாயகம் எதிர்த்துப் பிரிந்து போனார், அதையும் சொல்ல வேண்டும். தமிழன் என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை படிக்கட்டு இருக்கிறது என்று நமக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

என் அத்தை 1973இல் வந்தது. அட்டன் ஸ்டேஷனில் ஏறியதிலிருந்து தலைமன்னார் வரைக்கும் பெட்டி முழுக்க அழுகை. அந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே பேர். மண்டபத்தில் இறக்கி, ‘சொந்த ஊர் எது?’ என்று கேட்டார்கள். அத்தை பிறந்தது அங்கே. தாத்தா சொன்ன ஊர்ப் பேரைச் சொன்னது. குடும்ப அட்டையைக் கையில் கொடுத்து இங்கே அனுப்பிவிட்டார்கள். இங்கே ஒரு குழி நிலம் கிடையாது. கொழுந்து பறிக்க மட்டும் தெரிந்தவளுக்கு வியாபாரக் கடன் என்று ஒன்று கொடுத்தார்கள். எதை வாங்கி யாருக்கு விற்பது? சேரிக்காரி விற்கிற பலகாரத்தை எவன் வாங்குவான்? கடன் தீர்ந்ததும் மாமா அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கொடைக்கானல் மலைக்கு மரம் வெட்டப் போனார். அப்படிப் போய் அந்த மலைக் கூப்புகளில் கொத்தடிமையாகச் சிக்கியவர்கள் நிறையப் பேர்.

அத்தை மகனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, ‘சிலோன்ல பொறந்தவனுக்கு நான் எந்தச் சாதின்னு போடுறது?’ என்று கேட்டார் அங்கிருந்தவர். அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடைக்காரன் ஒன்றும் கேட்கவில்லை. தனிக் கிளாஸை எடுத்து நீட்டினான். ஆபீசுக்குத் தெரியாத சாதி அவனுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் சேரியிலேயே அத்தைக்குப் பேர் ‘சிலோன்காரி’. ‘இவுக வந்துதான் களையெடுப்புக் கூலியக் கொறச்சுட்டாக’ என்று சண்டை போட்டது என் அம்மாதான். கூலி குறைந்தது உண்மை. ஆனால் குறைத்தவர் காட்டுக்காரர். ‘அவ இதுக்கு வர்றா, உனக்கென்ன?’ என்று இரண்டு பேருக்கும் நடுவில் நின்று குறைத்தார். நாத்தனார்கள் இருவரும் சாகிறவரை சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

தம்பி, இப்போது மில்லுக்கு வாருங்கள். கேம்ப் கூலி என்று நம் பெண்களை விடுதியில் அடைத்து வைத்து, கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருகிறோம் என்று நூல் ஓட்டியவர்கள்தானே இவர்கள்? அந்தப் பெண்கள் கேள்வி கேட்கத் தொடங்கியதும் ஒடிசாவுக்கும் ஜார்கண்டுக்கும் ஏஜெண்டை அனுப்பினார்கள். அந்த ஏஜெண்ட் நம்ம பழைய கங்காணிதான், செல்போன் வைத்திருக்கிறான். அவன் கூட்டி வருகிறவர்களில் பலர் தலித்துகள், ஆதிவாசிகள். பேர் கேட்டுப் பாருங்கள், ஊர் கேட்டுப் பாருங்கள். வடக்கன் என்ற சொல்லுக்குள் அது தெரியாது.

1979இல் மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளருக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தக்காரன் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியை இடப்பெயர்வுப் படியாகத் தர வேண்டும் என்றது. எந்த மில்லில் தந்தார்கள்? 2020இல் அந்தச் சட்டத்தைப் புதிய தொகுப்புக்குள் கரைத்தபோது அந்தப் படியும் காணாமல் போனது. அப்போது ‘வடக்கனே வெளியேறு’ கோஷ்டியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வருகிறவனுக்கு நம்ம கூலியும் படியும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தால் முதலாளி எதற்கு ஒடிசா வரைக்கும் போகிறான்?

டெல்லிக்காரர்களும் எண்ணுகிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று நாடு, ஆறு மதம். அதில் முஸ்லிமும் இல்லை, இலங்கையும் இல்லை. நம்ம திண்டுக்கல் பக்கம் தோட்டனூத்தில் 2022இல் முகாம்காரர்களுக்கு 321 வீடு கட்டிக் கொடுத்தார்கள், நல்லது. வீடு கிடைத்தது, குடியுரிமை கிடைக்கவில்லை. அவர்களுக்காக நாம் டெல்லியிடம் ‘எண்ணாதே, உரிமை கொடு’ என்போமாம். மில் வாசலில் நின்றுகொண்டு ‘எண்ணு’ என்போமாம். இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை வார லீவில் அந்தப் பையன்கள் சந்தைக்கு வருவார்கள். நான் போகப் போகிறேன். தம்பி, நீங்களும் வாருங்கள். கோபத்தை விட்டுவிட்டு வர வேண்டாம், கொண்டே வாருங்கள். ஒரு நாள் கூலி என்ன, ஏஜெண்ட் பிடித்துக்கொள்வது எவ்வளவு என்று அவர்களிடம் கேட்போம். நம்ம கூலியையும் சொல்வோம். எனக்கு இந்தி வராது. இங்கே யாருக்காவது தெரிந்தால் கூட்டம் முடிந்ததும் பேர் கொடுங்கள்.