மருத்துவர்கள் ஒன்றுசேர்த்த திருச்சபைகள்

இலங்கைத் தோட்டப்புறங்களில் திருச்சபையின் பணியும் மருத்துவப் பணியும் வெவ்வேறு வழிகளில் வளர்ந்தன. 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. துரைமார் பணம் கொடுத்தார்கள், சர்ச் மிஷனரி சங்கம் மேற்பார்வை செய்தது, உபதேசிமார் தென்னிந்தியாவிலிருந்து வந்தார்கள். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கான சட்டம் 1872இல்தான் வந்தது. உபதேசியார் லயம் லயமாக நடந்தார். டிஸ்பென்சர் மருந்தறையில் இருந்தார். இருவர் வேலையும் இணைந்தால் என்ன விளையும் என்பதை யாழ்ப்பாணமும் வேலூரும் காட்டின.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மறு ஆண்டே மாணவர்களைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். மானிப்பாயில் அவரிடம் பயின்று வெளியேறியவர்கள் 60 பேருக்கு மேல். முதலில் ஆங்கிலத்தில் நடந்த பாடம் பின்னர் தமிழுக்கு மாறியது. பாடநூல்களையும் அவர் தமிழில் ஆக்கினார். சொந்த ஊரில், சொந்த மொழியில் நோயாளியோடு பேசும் வைத்தியர் வேண்டும் என்ற அவருடைய பிடிவாதம் இன்றும் மதிக்கத்தக்கது.

திருச்சபைகளின் ஒத்துழைப்புக்குச் சிறந்த சான்று வேலூர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்ட ஐடா ஸ்கடர், அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வேலையைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி எழுந்தபோது அதைப் பல மிஷன்கள் சேர்ந்தே தாங்கின. ஆசிரியர், கட்டடம், கருவி எல்லாவற்றையும் தனியொரு சபையால் கொடுத்துவிட முடியாது. பின்னர் பட்டப்படிப்பு நடத்தியாக வேண்டும் என்ற நிலை வந்ததும் செலவு பன்மடங்காகியது; அந்த நெருக்கடி சபைகளை இன்னும் நெருங்க வைத்தது. 1947இல் ஆண்களும் மாணவராகச் சேர்க்கப்பட்டார்கள். தென்னிந்தியத் திருச்சபை, மார்த்தோமா, லுத்தரன், பாப்டிஸ்ட் என வழிபாட்டில் வேறுபட்டவர்கள் அங்கே ஒரே நிருவாகத்தில் அமர்கிறார்கள். சபைகள் மாணவரைப் பரிந்துரைக்கின்றன. அப்படிப் படித்தவர் சில ஆண்டுகள் சபையின் சிற்றூர் மருத்துவமனையில் பணிசெய்கிறார். இந்த ஏற்பாடுதான் வேலூரின் உயிர்நாடி.

சமூகத்துக்குள் இறங்கிய மருத்துவருக்கு இலங்கையின் உதாரணம் மேரி இரத்தினம். கனடாவில் பிறந்து 1896இல் இங்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்த இவர், கிராமப் பெண்களுக்காக லங்கா மகிளா சமித்தியை நிறுவினார். சுகாதாரமும் வீட்டு நிருவாகமும் கைத்தொழிலும் அதில் ஒன்றாகக் கற்பிக்கப்பட்டன. 1958இல் மகசேசே விருது அவருக்குக் கிடைத்தது.

சப்ரகமுவ தோட்டங்களுக்கு இவற்றில் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு. ஒரே லயத்தில் கத்தோலிக்க, அங்கிலிக்கன், மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே குடும்பங்கள் அடுத்தடுத்த காம்பராக்களில் இருக்கலாம். அயலில் இந்துக் குடும்பங்களே அதிகம். ஒவ்வொரு சபையும் தனித்தனியாக ஒருநாள் மருத்துவ முகாம் வைத்துப் போவதால், இரத்தச்சோகையுள்ள தாயைத் தொடர்ந்து கவனிக்க ஆளில்லை. நேரமும் முக்கியம். கேகாலைப் பக்க ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலை பால்வெட்டுக்குப் போகிறவர், பாலைச் சேர்த்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வர மதியமாகிவிடும். காலையில் நடக்கும் முகாமுக்கு அவர் எப்படி வருவார்? தோட்டத்து மருத்துவிச்சிக்கும் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்பவருக்கும் தெரிந்த இந்த விபரம் வெளியூரிலிருந்து வரும் குழுவுக்குத் தெரிவதில்லை.

கிறிஸ்தவ வைத்தியர், தாதியர், மருந்தாளர் எந்தச் சபையைச் சேர்ந்தவராயினும், அரச சுகாதாரப் பணியாளரோடு கலந்து, மதியத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் ஒரே பதிவேட்டோடு நோயாளிகளைப் பார்க்கலாம். வெற்றிலை புகையிலையால் வரும் வாய்ப்புற்றையும் மதுப் பழக்கத்தையும் பற்றிப் போதகர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசலாம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டச் சபைத் தலைவர்கள் இதற்காக ஒருமுறை ஒரே மேசையில் கூடிப் பேச வேண்டும்.