ஒற்றைக்கொம்புக் குதிரை
(வெள்ளி விழாச் சொற்பொழிவு)



வெள்ளி விழா மேடையில் குதிரைக் கதையா என்று நீங்கள் எண்ணலாம். நெற்றியில் ஒரே கொம்புடைய வெள்ளைக் குதிரையை நம் பிள்ளைகள் படப்புத்தகங்களில் கண்டு மகிழ்கின்றனர். அத்தகைய குதிரை உலகில் இருந்ததே இல்லை. ஆயினும் ஐரோப்பாவின் கற்றோரும் மன்னரும் நெடுங்காலம் அதனை மெய்யென நம்பினர். அந்நம்பிக்கை எவ்வாறு பிறந்தது, எவர் அதனை அசைத்தார் என்பதை இன்று நாம் காண்போம்.

கதை தொடங்குவது நம் நாட்டின் பெயரால். கி.மு. 400-ஐ ஒட்டி, பாரசீக மன்னனின் அவையில் மருத்துவனாயிருந்த தெசியாஸ் என்னும் கிரேக்கன் இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினான். இந்தியாவில் அவன் காலடி வைத்ததில்லை. பிறர் சொல்லக் கேட்டு எழுதினான். வெண்ணிற உடலும், செந்நிறத் தலையும், நெற்றியில் ஒரு கொம்பும் உடைய காட்டுக் கழுதைகள் அங்கு உண்டு. அக்கொம்பிற் செய்த கிண்ணத்தில் பருகுவோரை நஞ்சு தீண்டாது என்றான். நம் காண்டாமிருகமே பல வாய் மாறி இவ்வுருக் கொண்டது என்பது அறிஞர் பலரின் கருத்து. பின்னர், எபிரேய மறைநூல் கூறும் காட்டெருதின் பெயரைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர், 'ஒற்றைக்கொம்பன்' என்று பொருள்படும் சொல்லை இட்டனர். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அவ்விலங்கே புகுந்தது. பழைய தமிழ் வேதாகமத்தில் அவ்விடங்களில் காண்டாமிருகம் நிற்பதை நம் கிறித்தவ உறுப்பினர்கள் அறிவர். மறைநூலில் ஏறிய விலங்கை மறுப்பவர் யார்?

அதன் கொம்பென்று முறுக்குடைய நீண்ட தந்தங்கள் ஐரோப்பியச் சந்தைகளில் பொன்னினும் மிகுந்த விலைக்கு விற்றன. நஞ்சை முறிக்கும் என்று அரசரின் பானத்திலே அதனைத் தோய்த்தனர்.

இங்குதான் நாம் மறக்கலாகாத ஒருவர் வருகிறார். அம்புரோய்சு பாரே, பிரான்சு நாட்டினர். அக்காலத்தில் அங்கே கத்தி எடுத்துப் புண்ணறுப்பது நாவிதரின் தொழில். பல்கலைக்கழக மருத்துவர்கள் அதனை இழிவென்று ஒதுக்கினர். பாரே அத்தொழில் வழியே உயர்ந்து, நான்கு மன்னர்களுக்கு அறுவை மருத்துவரானார். இலத்தீன் அறியாதவர். 1575-இல் அவர் தம் நூல்களைத் தாய்மொழியில் வெளியிட்டபோது பாரிசின் மருத்துவப் பேராசான்கள் தடுக்க முற்பட்டனர். இது நமக்குப் புதிய செய்தியன்று.

கொம்பு ஊறிய நீரில் நச்சுயிர்கள் மடியும் என்றனர். பாரே ஒரு தேரையை அந்நீரில் இட்டார். மூன்று நாள் கழித்தும் அது துள்ளிக்கொண்டிருந்தது. 1582-இல் இதனை அச்சிட்டார். அரசரின் தலைமை மருத்துவரே இது வீண் வழக்கமென்று தம்மிடம் ஒப்புக்கொண்டதையும், வேரூன்றிய நம்பிக்கையாதலின் எழுதத் துணியாததையும் சேர்த்தே எழுதினார். மறு ஆண்டே அவரைத் தாக்கி ஒரு நூல் வெளிவந்தது. அவர் பின்வாங்கவில்லை; மறுப்புக்கு மறுப்பு எழுதினார்.

அத்தந்தம் வடகடலில் வாழும் நார்வால் என்னும் திமிங்கல வகையின் பல். பனிக்கடலில் வேட்டையாடும் இனுயிட் மக்களுக்கு அது அன்றாட உணவு தரும் விலங்கு. பல் கைமாறித் தெற்கே வர வர, அது வந்த இடம் மறைந்து கதையே வளர்ந்தது. 1638-இல் தென்மார்க்கின் ஓலே வோர்ம், பல் பதிந்திருந்த மண்டையோட்டையே சான்றாகக் காட்டி உண்மையை நிறுவினார். அதே நாட்டு மன்னர் 1671-இல் முடிசூடிய அரியணையோ, அத்தந்தங்களாலேயே அணிசெய்யப்பட்டது. கோபன்ஹேகன் ரோசன்போர்க் அரண்மனையில் அதனை இன்றும் காணலாம்.