சூடு கண்ட பூனை
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு எல்லாம் போன கூட்டத்திலேயே பேசியாச்சு. இன்னைக்குப் பூனையைப் பத்திப் பேசப் போறோம்னு சொன்னதும் பின்வரிசையில சிரிப்பு கேட்குது. சிரிங்க, பரவாயில்லை. ஆனா தருவைகுளம், திரேஸ்புரம், புன்னைக்காயல், மணப்பாடு என்று மீன் இறங்குகிற இடமெல்லாம் பூனையும் இருக்கு. கருவாடு காயப்போடுகிற அக்காமாருக்கு அதனால் நஷ்டம் உண்டு, அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தில் கல்லெறிகிறோம். சில வீடுகளில் கொதிக்கிற வடிகஞ்சியையே ஊற்றிவிடுகிறார்கள். வலை போட்டு மூடினால் கருவாடும் தப்பும், பூனையும் தப்பும்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாதுன்னு நம்ம பாட்டிமார் சொன்னது சும்மா இல்லை. எந்தக் கை ஊற்றியது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை, எல்லாக் கைக்கும் பயப்படும். குட்டி பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை மனிதர் கை பட்டு வளர்ந்தால் எளிதில் பழகும். அந்த வயதில் மனிதரையே அறியாததும், பிறகு அடிபட்டதும் பழக மாதக்கணக்கில் ஆகலாம்.

அப்படி ஒன்று உங்கள் வீட்டில் வந்து ஒண்டினால் முதலில் துரத்திப் பிடிக்காதீர்கள். ஒரு மூலையில் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, வாசல் வெட்டி வையுங்கள். ஒளிய இடம் இருந்தால்தான் அதற்குத் தைரியம் வரும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் சோறு வையுங்கள். உப்பில்லாமல் வேகவைத்த மீன், முள் எடுத்துப் போடலாம். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். பால் வளர்ந்த பூனை பலவற்றுக்குச் செரிக்காது, வயிற்றால் போகும். வைத்துவிட்டுத் தள்ளிப் போய்த் தரையில், பக்கவாட்டில் உட்காருங்கள். முறைத்துப் பார்த்தால் சண்டைக்கு வருகிறோம் என்று நினைக்கும். கண்ணை மெதுவாக மூடித் திறந்தால், அப்படிச் செய்கிறவர் அருகே பூனை வர முற்படுகிறது என்று 2020-இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு சொல்கிறது. காசா பணமா, செய்து பாருங்களேன்!

தொடுவது கடைசி. அதுவாக வந்து விரலை முகரட்டும். காது பின்னால் மடிந்தாலோ, வாலைச் சுழற்றி அடித்தாலோ கையை எடுத்துவிடுங்கள். சில பூனைகள் கடைசிவரை மடிக்கு வராது. எட்டி உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டாலே போதும்.

வெந்த காயத்துக்குக் கால்நடை மருந்தகம் போங்க. நாம் போடுகிற காய்ச்சல் மாத்திரை, பாராசிட்டமால், பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையே கொன்றுவிடும். பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

சட்டமும் உண்டு. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்தான், ஒரு டீ வடைக் காசு. ஆனால் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில், விலங்கைக் கொன்றாலோ முடமாக்கினாலோ ஐந்தாண்டு வரை சிறை.

இன்னொன்று, தயக்கத்தோடுதான் சொல்கிறோம். 1990-களில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், அடிதாங்காமல் காப்பகம் வந்த பெண்களிடம் ஃப்ராங்க் அசியோன் என்ற ஆய்வாளர் விசாரித்தார். வளர்ப்புப் பிராணி இருந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர், அதையும் அவன் அடித்தான், கொன்றான், அல்லது கொல்வேன் என்று மிரட்டினான் என்றார்கள். நம் தெருவில் பிள்ளை கண்முன்னே பூனையை ஓங்கி உதைக்கிற ஆம்பிளை இருந்தால், அந்த வீட்டு உறுப்பினர் இரண்டு கூட்டமாக ஏன் வரவில்லை என்று ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-லேயே வந்தாச்சு. 181-க்குப் போன் செய்ய யாரிடமும் அனுமதி வேண்டாம். அவளிடமும் முதல் நாளே எல்லாத்தையும் கேட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், மறுபடியும் போங்கள்.

கூட்டம் முடிந்ததும் நாங்கள் அரை மணி நேரம் இங்கேதான் இருப்போம். தனியாகப் பேச வேண்டியவர்கள் வரலாம்.