இரும்பும் நரம்பும்

சுடுமணலில் வெறுங்காலுடன் நடந்து, உள்ளங்கால் கொப்புளித்த பின்னரும் நோவறியாத சலரோகிகள் உளர். சீனி மிகுந்த இரத்தம் ஆண்டுக்கணக்காக ஓடி நரம்பை நலிவித்ததே காரணம். மிக நீண்ட நரம்புகள் பாதத்துக்குச் செல்வன. கேடும் அங்கேயே தொடங்குகிறது.

இக்கேட்டில் இரும்புக்கும் பங்குண்டோ என ஆராய்ச்சியாளர் வினவுகின்றனர். வினா வீணானதன்று. 1865இல் பாரிஸ் வைத்தியர் துரூசோ, தோல் வெண்கல நிறமுற்ற சலரோகி ஒருவரைப் பற்றி எழுதினார். மிகையான இரும்பு சதையியிற் படிந்து இன்சுலின் சுரப்பைக் கெடுக்கும் நோய் அதுவெனப் பின்னர் தெளிவாயிற்று. இரும்பைச் சேமிக்க உடலுக்குத் தெரியும். மிகையை வெளியேற்றத் தனிவழி கிடையாது.

அச்சேமிப்பைக் காட்டுவது பெரிற்றின் என்னும் புரதம். சலரோகிகள் பலரிடம் இது சற்று உயர்ந்தே காணப்படும். ஆயினும் அவசரம் ஆகாது. உடலில் அழற்சி இருப்பினும், ஈரலிற் கொழுப்புப் படியினும் பெரிற்றின் உயரும். களஞ்சியம் நிறைந்ததா, காவலன் வீணே கூவுகிறானா என்பது அவ்விலக்கம் ஒன்றினால் விளங்காது. இரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் புரதம் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பதையும் வைத்தியர் பார்ப்பர்.

நரம்பின் நிலையை அறியவோ, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையொன்றே பெரிதும் உதவும். அது பாதத்திற் படுவதை உணராதவர் இலக்கங்களுக்குக் காத்திராது காலைப் பேணவேண்டும். இரும்புக் குளிசையைத் தாமாகவே நிறுத்துவதும் விழுங்குவதும் தவறு. மெற்போமின் நெடுங்காலம் உண்போருக்கு விற்றமின் பி12 குறைந்தும் கால் விறைக்கலாம். அக்குறையை நிரப்ப மருந்துண்டு.