சாய்ந்த வெட்டும் சரியான கணக்கும்



நம் நகரின் அடையாளம் மலைக்கோட்டை. 1605இல் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் எழுப்பத் தொடங்கிய அக்கோட்டை, பின்னர் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோர் கைக்கு மாறி, 1792 உடன்படிக்கையால் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆண்டவர் பெயர்கள் ஏட்டில் ஏறின; கல் சுமந்தவர் பெயர்கள் ஏறவில்லை. இன்றும் கட்டடம் எழும் இடங்களில் கல்லும் மண்ணும் சுமப்போருள் நம்மவர் பலர். வரைபடத்தை வரையும் மேசையில் நம்மவர் எத்தனை பேர்? இவ்வினாவை முன்வைத்தே இன்று ஒரு தொழில்நுட்பத்தைப் பேச விழைகிறோம்.

கோட்டைச் சுவரில் பீரங்கிக்கென விடப்படும் திறப்பு நேராக இராது. ஒருபுறம் குறுகி, மறுபுறம் விரிந்து நிற்கும். பீரங்கியை இருபுறமும் திருப்ப இடம் வேண்டும். பகைவர் குண்டு புகும் வழியோ சிறிதாக வேண்டும். தடித்த சுவருடைய பழைய வீடுகளிலும், வெளிச்சம் பரவுமாறு சன்னலின் பக்கங்களைச் சாய்த்துக் கட்டுவதுண்டு.

கணினியில் கட்டடம் வரையும் மென்பொருள்களில் சன்னலை வைத்தால், அது பொதுவாகச் சுவரை நேராகவே வெட்டும். சாய்ந்த வெட்டு வேண்டுமாயின் வேறு வழி உண்டு. முதலில் திறப்பின் வடிவத்தை மேற்பார்வையில் சரிவகமாக வரைய வேண்டும். அதனைத் திறப்பின் உயரத்திற்கு நீட்டித் திண்மமாக்கிச் சுவரிலிருந்து கழிக்க வேண்டும். அத்திண்மத்தை, அதே சாய்வில், சுவரின் இரு முகங்களுக்கும் சற்று அப்பால் நீளவிடுவது நலம். இல்லையேல் மெல்லிய ஏடு ஒன்று திறப்பில் ஒட்டி நிற்கக்கூடும். அடித்தளமும் சாயுமாயின், உள்முகச் செவ்வகத்தையும் வெளிமுகச் செவ்வகத்தையும் தனித்தனியே வரைந்து இணைத்தல் வேண்டும்.

இதனால் நமக்கு என்ன பயன்? 60 செ.மீ. தடிப்புள்ள சுவரில், உள்ளே 60 செ.மீ., வெளியே 180 செ.மீ. அகலமும், 1 மீ. உயரமும் உள்ள திறப்பைக் கருதுவோம். சாய்வு 45 பாகை. சராசரி அகலம் 1.2 மீ. ஆகவே வெட்டின் கன அளவு 0.72 கன மீட்டர். வெளியகலத்தை மட்டும் கொண்டு நேர்வெட்டாகக் கணக்கிட்டால் 1.08 ஆகும். கட்டிய வேலையில் 0.36 கன மீட்டர் கணக்கிலிருந்து மறைந்துவிடும். பத்துச் சன்னல்களில் 3.6! அளவுக்கேற்பக் கூலி பெறும் இடத்தில், அந்த இழப்பு உழைத்தவர் வயிற்றில்தான் விழும். கணக்கறிந்த பிள்ளை வீட்டிலிருந்தால், அதனைக் கேட்டுப் பெறலாம்.

இளைஞர்களே! இக்கல்வி எட்டாக் கனியன்று. தொழிற்பயிற்சி நிலையங்களில் கட்டட வரைவாளர் பயிற்சி ஈராண்டுப் படிப்பு. ஃப்ரீகேட் என்னும் மென்பொருளோ விலையின்றிக் கிடைக்கிறது. சரிவகத்தின் பரப்பு பள்ளிப் பாடமே. கொல்லறு பிடித்த தந்தையின் கைப்பழக்கத்தோடு மகளின் கணக்கறிவும் சேருமாயின், அதனை விஞ்சும் பொறியியல் அரிது.

ஆதலின், சங்கத்தின் மாலை வகுப்புகளில் வரைகலையும் இடம்பெற வேண்டும் என வேண்டுகிறோம். சுவரைக் கட்டிய கைகள் அதன் வரைபடத்தையும் எழுதட்டும்.